உயிர்க் காலேஜ்

பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகத்தில் மிகவும் கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், கணக்குச் சொல்லிக் கொடுப்பது என்பார்கள் சிலர். விடைத்தாள் திருத்துவது என்பார்கள் வேறு சிலர். என்னுடைய அநுபவம் வேறு. நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்கு அழைத்துப் போய், நாற்பத்திரண்டு பேரையும் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதற்கு இணையான கஷ்டம் இவ்வுலகில் வேறு இல்லை. ஒரு தடவை எண்ணினால் நாற்பத்தொன்று வரும். மறு தடவை எண்ணினால் நாற்பத்து மூன்று வரும். நாற்பத்தொன்று வந்தால் தேடலாம். நாற்பத்து மூன்று வந்தால் என்ன செய்வது?

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதத்தில் இந்தக் கஷ்டத்தை நானே வலிய ஏற்றுக்கொண்டேன். பாகூரிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். நமது ஜனங்கள் அதைச் சுருக்கமாக 'பொட்டானிக்கல் கார்டன்' என்பார்கள். புளியோதரைப் பொட்டலங்களும் தண்ணீர்ப் பாட்டில்களுமாகக் காலையிலேயே போய் இறங்கினோம். நான் கலாசாலையில் தாவர சாஸ்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன். ஆகையால் அன்று என் நடையில் கொஞ்சம் மிடுக்கு இருந்திருக்கலாம்.

வாசலைத் தாண்டியதும் ஒரு பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஸார், புலி எங்கே?"

பையனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். வகுப்பில் கடைசி வரிசை. அப்போதுதான் முடிந்திருந்த அரைப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் தேறாதவன். விடைத்தாளில் சிவப்பு மையால் மதிப்பெண் போட்டவன் அடியேன்தான்.

"இங்கே புலி கிடையாது, தம்பி. இது பூங்கா" என்றேன்.

"சினிமாவிலே இருந்ததே ஸார்!"

உடனே பத்துப் பதினைந்து குரல்கள் அவனுக்குச் சாட்சி சொல்லின. விஷயம் விளங்கிற்று. கனடா தேசத்து எழுத்தாளரான யான் மார்ட்டெல் 2001-ம் வருஷத்தில் 'லைஃப் ஆஃப் பை' என்று ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் புதுச்சேரிப் பையனுடைய தகப்பனார் இந்தப் பூங்காவுக்குள்ளேயே ஒரு மிருகக் காட்சிசாலை நடத்துகிறார். பிறகு கப்பல் மூழ்கி, அந்தப் பையனும் ஒரு வங்காளப் புலியும் ஒரே படகில் 227 நாட்கள் கடலில் மிதக்கிறார்கள். ஆங் லீ என்னும் டைரக்டர் இந்தப் பூங்காவிலேயே வந்து படம் பிடித்து, 2012-ல் வெளியிட்டார். உலகமெல்லாம் பார்த்தது. எங்கள் பாகூர்ப் பிள்ளைகள் மட்டும் பார்க்காமல் இருப்பார்களா?

"அந்த மிருகசாலை கற்பனை. அந்தப் புலியும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வரைந்த புலி" என்று நான் விளக்கியதும், நாற்பத்திரண்டு முகங்களும் ஒரே சமயத்தில் வாடிவிட்டன. மகாத்துமாக்கள் பொய்யை வெறுப்பது போலக் குழந்தைகள் சில சமயம் உண்மையை வெறுக்கிறார்கள்.

அப்போது ஓர் அணில் எங்களுக்கு முன்னால் பாதையைக் கடந்து மரத்தில் ஏறிற்று. எனக்கு உயிர் வந்தது. "அதோ பாருங்கள்! புதுச்சேரி அரசு 2007-ல் நமக்கென்று ஒரு மிருகம், ஒரு பறவை, ஒரு மரம், ஒரு பூ என்று தேர்ந்தெடுத்தது. பறவை குயில், மரம் வில்வம், பூ நாகலிங்கப் பூ, மிருகம் இந்த அணில்தான்!" என்றேன். புலி கேட்ட இடத்தில் அணில் கொடுத்தால் எப்படியிருக்கும்? இருந்தாலும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

* * *

இந்தப் பூங்காவைப் பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் அமைத்தார்கள். அக்காலத்தில் ஐரோப்பியர் கால் வைத்த இடமெல்லாம் ஒரு தோட்டம் போட்டார்கள். அழகுக்காக மட்டும் அல்ல. இந்த மண்ணில் எந்தப் பயிர் விளையும், எது கப்பலேறிப் பணமாகும் என்று பரீட்சை பார்ப்பதற்காக. புதுச்சேரித் தோட்டத்தை அவ்விதம் வளர்த்தவர்களில் முக்கியமானவர் பெரொத்தே என்னும் தாவர சாஸ்திரி. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்தவர், கடல் கடந்து பல தேசங்களில் செடி சேகரித்தவர், கடைசியில் 1870-ல் புதுச்சேரியிலேயே காலமானார். பிறருடைய லாபத்துக்காகத் தொடங்கிய தோட்டந்தான். ஆனால் மரத்துக்கு அந்த நோக்கம் தெரியாது. நட்டவன் போனபின் நமக்கு நிழல் கொடுக்கிறது.

மரங்களைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை தெரியவந்தது. சிவன் கோவிலில் வைத்து வளர்த்து, பூவுக்குள் லிங்கத்தையும் நாகத்தையும் கண்டு கைகூப்புகிறோமே, அந்த நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கக் கண்டத்தது. நம் வீட்டுக் குழம்பில் எரிகிற மிளகாயும் அப்படியே. நிலக்கடலையும் அங்கிருந்து வந்ததுதான். அதை நம் பக்கத்து மண் ஏற்றுக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறையிலிருந்து மார்ஸேல் பட்டணத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று.

"அப்படியானால் நம்முடையது எது, ஸார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வேர் விட்டு, நாம் பெயர் வைத்து அழைப்பதெல்லாம் நம்முடையதுதான், அம்மா" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக எனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அந்தப் பதில் சில நாட்களுக்குள் என் தலையிலேயே விழப்போகிறது என்று அப்போது தெரியாது.

பிறகு மீன் காட்சிசாலைக்குப் போனோம். கண்ணாடித் தொட்டிகளில் வண்ண மீன்கள். தங்க மீனைப் பார்த்துப் பிள்ளைகள் பிரமித்தார்கள். கெண்டை இனத்து மீன் ஒன்றைச் சீன தேசத்தார் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, அந்த நிறத்துக்கும் உருவத்துக்கும் கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். நமது கடைசி வரிசைப் பையன் மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"என்ன பார்க்கிறாய்?"

"இதுங்க முட்டையிட்டா குஞ்சை எது காவல் காக்கும், ஸார்? ஒளிய ஓர் இடமும் இல்லையே."

எனக்குப் பதில் தெரியவில்லை. "மணியாகிவிட்டது, சாப்பிட வாருங்கள்" என்றேன். வாத்தியார்களுக்குச் சாப்பாட்டு வேளை பல விதத்தில் உபகாரம் செய்கிறது.

* * *

புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே, புலிக்குப் பதிலாகப் புலிக் கதை சொன்னேன்.

தோட்டம், மிருகம், மீன் என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஜனங்களுக்குக் காட்டுகிற ஏற்பாட்டில் பெயர் பெற்றது பாரிஸ் நகரம். அங்கே அரசருடைய மூலிகைத் தோட்டமாக 1635-ல் தொடங்கிய இடத்தில், புரட்சிக்குப் பிறகு, 1794-ல் மிருகசாலையும் அமைந்தது. நம் பக்கத்தில் சென்னையில் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்தார். உயிருள்ள மிருகத்தைப் பார்க்க ஜனங்கள் திரள்வதைக் கண்டு, 1855-ல் எழும்பூரில் அருங்காட்சியகத்தோடு ஒரு மிருகசாலையை ஆரம்பித்தார். பிற்பாடு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், வெகுகாலம் அங்கே இருந்து, கடைசியில் 1985-ல் வண்டலூரில் விஸ்தாரமான காட்டுக்குள் திறக்கப்பட்டது. மெரீனாக் கடற்கரையில் 1909-ல் மீன் காட்சிசாலை ஒன்றும் ஏற்பட்டிருந்தது.

கிராமத்து ஜனங்கள் சென்னைக்குப் போனால் இந்த இடங்களைத் தவறாமல் பார்த்து வருவார்கள். அவர்கள் வைத்த பெயர்கள் அபாரமானவை. பாடம் செய்த உடல்களும் எலும்புகளும் இருக்கிற அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்.' மூச்சு விடுகிற பிராணிகள் இருக்கிற மிருகசாலை 'உயிர்க் காலேஜ்.' எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வைத்த பெயர் என்று சிரிக்கவேண்டாம். அங்கே போவது வேடிக்கைக்கு மட்டும் அல்ல, கற்றுக்கொள்வதற்கு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் அதைக் காலேஜ் என்றார்கள்.

"இப்போதும் அந்தப் புலியெல்லாம் இருக்குமா, ஸார்?"

இந்தக் கேள்வி வந்திராவிட்டால் அடுத்த கதையைச் சொல்லியிருக்கமாட்டேன். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னை நடுங்கிற்று. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் ஓடினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடுமே என்று அதிகாரிகள் பயந்தார்கள். மலபார்ப் போலீஸாரை அழைத்து, மிருகசாலையிலிருந்த சிங்கங்களையும் புலிகளையும் சிறுத்தைகளையும் கூண்டுகளிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மீன் காட்சிசாலையும் அந்த வருஷத்தில் மூடப்பட்டது. பாரிஸ் மட்டும் மேலானதா? ஜெர்மானியர் 1870-ல் நகரத்தை முற்றுகையிட்டபோது, பசி தாளாமல், காஸ்டர், போலக்ஸ் என்ற இரண்டு யானைகளைக் கசாப்புக்காரருக்கு விற்றார்கள். பாரிஸ் குழந்தைகள் முதுகில் ஏறிச் சவாரி செய்த யானைகள் அவை.

பொட்டலங்கள் பாதி சாப்பிட்டபடி நின்றுவிட்டன.

"திறந்துவிட்டிருக்கலாமே" என்றான் ஒருவன்.

"திறந்துவிட்டால் ஊருக்குள் வந்து கடிக்காதா?" என்றாள் ஒரு பெண்.

"அடைச்சு வைக்காமலே இருந்திருக்கலாம்" என்றான் நமது கடைசி வரிசைப் பையன்.

அந்த வழக்கை நான் தீர்த்து வைக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் சொல்லுவது நியாயம் அல்ல என்று, இக்காலத்து மிருகசாலைகளைப் பற்றியும் சொன்னேன். வண்டலூரில் மேற்கு மலைக் காட்டின் சிங்கவால் குரங்கை வளர்த்துப் பெருக்குகிறார்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ராமுலஸ் விட்டேகர் முதலியோர் 1976-ல் முதலைப் பண்ணை வைத்து, அழிந்துகொண்டிருந்த நம் தேசத்து முதலை இனங்களைக் காப்பாற்றினார்கள். கூண்டு சிறையாகவும் இருக்கும். சில சமயம் அடைக்கலமாகவும் இருக்கும்.

திரும்பும்போது அந்தப் பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வாங்க, ஸார். விடியறதுக்கு முன்னாலே வரணும்" என்றான். நாற்பத்திரண்டு பேரும் சரியாக இருந்த மகிழ்ச்சியில், சரி என்று சொல்லிவிட்டேன்.

* * *

நான் பாகூருக்கு மாற்றலாகி வந்து அப்போது ஆறு வருஷம். தினம் ஏரிக்கரைப் பக்கமாக வந்து போகிறவன்தான். தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வருகிறது என்று தெரியும். பங்காரு என்ற பெண் தன் சொத்தைக் கொடுத்து அந்த வாய்க்காலை வெட்டுவித்தாள் என்று ஊரார் சொல்லும் கதையும் தெரியும். விடியற்காலையில் கரைமேல் நின்று பார்த்தது மட்டும் அதுதான் முதல் தடவை.

பையனும் அவனுடைய தாத்தாவும் காத்திருந்தார்கள். "வாங்க வாத்தியாரய்யா" என்று பெரியவர் துண்டை உதறிக் கரையில் விரித்தார். பனி விலக விலகத் தண்ணீர் முழுவதும் பறவைகள். பையன் கையை நீட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினான்.

கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் பாம்பு போல நீந்துகிறதே, அது பாம்புத் தாரா. கறுத்த உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக மிதப்பது நாமக்கோழி. அலகு இரண்டும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டு, நத்தையைத் தின்ன வசதியாக இருப்பது நத்தை குத்தி நாரை. 'முங்' என்று முழுகி வேறோர் இடத்தில் எழுவது முக்குளிப்பான். குளிருக்குத் தப்பி வட தேசங்களிலிருந்து வந்திருக்கிற ஊசிவால் வாத்து. பெயரைக் கேட்டால் போதும். பறவை என்ன செய்யும், எப்படியிருக்கும் என்று பாதி தெரிந்துவிடுகிறது.

மதகுக்குப் பக்கத்தில், மண் நிறத்தில், அசையாமல் ஒன்று நின்றது. அது பறந்தபோது வெள்ளைச் சிறகு பளிச்சென்று விரிந்தது.

"அது குளத்துக் கொக்கு" என்றேன் நான், என் பங்குக்கு.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங்க மடையான்னு சொல்லுவோம், ஸார்" என்றான்.

எனக்குத் திக்கென்றது. அரைப் பரீட்சையில் 'மூன்று நீர்ப் பறவைகளின் பெயர் எழுதுக' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஒரு விடைத்தாளில் மடையான், நாமக்கோழி, பாம்புத் தாரா என்று எழுதியிருந்தது. பாடப் புஸ்தகத்தில் இந்தப் பெயர்கள் இல்லை. 'மடையான்' என்பதை மடையன் என்று படித்து, யாரோ என்னைத்தான் பரிகாசம் செய்கிறான் என்று நினைத்தேன். மூன்றையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'கேலியா?' என்றும் எழுதியிருந்தேன்.

"மடையிலே நிக்கிறதாலே மடையான், வாத்தியாரய்யா. தண்ணி திறந்தா மீன் வரும்னு அதுக்குத் தெரியும்" என்றார் பெரியவர், ஒன்றும் அறியாமல்.

அந்தப் பறவைக்கு நான் கலாசாலையில் கற்ற லத்தீன் பெயர் 'ஆர்டியோலா கிரேயீ.' கிரே என்ற ஆங்கிலேய சாஸ்திரியின் நினைவாக வைத்தது. அவரை எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் மடையில் நிற்கிற பறவைக்கு ஊரார் வைத்த பெயர் தெரியாது. நாம் பெயர் வைத்து அழைப்பதெல்லாம் நம்முடையது என்று சட்டமாகச் சொன்னேனே, அந்தச் சட்டப்படி ஏரி அந்தப் பையனுடையது. எனக்கு அதில் ஒரு சென்டுகூடக் கிடையாது. மடையன் யார் என்பதை நேயர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

கரையோரத்தில் தண்ணீர் சிவப்பாகக் கலங்கிற்று. விரால் குஞ்சுகள் செந்நிறமாகத் திரண்டு போயின. அவற்றுக்கு அடியில் ஒரு பெரிய நிழல் கூடவே நகர்ந்தது. "அதான் ஸார் காவல்" என்றான் பையன். "குஞ்சோடே போற விராலைத் தாத்தா பிடிக்கமாட்டாரு. பிடிச்சா குஞ்சு அத்தனையும் வீணாப் போயிடும்." கண்ணாடித் தொட்டியின் முன் அவன் கேட்ட கேள்வியின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மறுநாள் விடைத்தாளை வாங்கி, அடித்ததை அடித்து, மூன்று மதிப்பெண்ணும் போட்டு, 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த மூன்றினால் அவன் தேறிவிடவில்லை; இன்னும் நான்கு குறைந்தது. அதை முழுப் பரீட்சையில் அவனே சம்பாதித்துக்கொண்டான்.

* * *

இதை எழுதக் காரணம் உண்டு. சென்ற மாதம் பெரியவர் காலமானார். அவருக்குத் தெரிந்த பெயர்களில் பேரன் முக்கால்வாசியைத் தெரிந்துகொண்டிருக்கிறான். மற்றவை அவரோடு போயின. குறிஞ்சிப் பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைக் கபிலர் ஒரே மூச்சில் அடுக்கினார் என்று வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்பது பூவுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? பெயர் தெரியாத பொருள் காணாமற் போனால் யாரும் தேடுவதில்லை. ஏரிக்குள் வெங்காயத் தாமரை படர்ந்து தண்ணீரை மூடினாலும், கரையை நெய்வேலிக் காட்டாமணக்கு விழுங்கினாலும், முக்குளிப்பான் வராமற் போனாலும், அதற்கு முன்பு என்ன இருந்தது என்று தெரிந்தவன்தானே குரல் கொடுப்பான்?

பாகூருக்குக் கல்வி புதிது அல்ல. நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களை மானியமாகக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. அந்தக் காலேஜ் இன்று இல்லை. செடியும் மீனும் பறவையும் ஒரே இடத்தில் கூடிய உயிர்க் காலேஜ் மட்டும் ஊருக்கு வெளியே இருக்கிறது. வில்லியனூர்ப் பக்கத்து நேயர்களுக்கு ஊசுடு ஏரி இருக்கிறது. 2008-ல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். நுழைவுச் சீட்டு வாங்கிப் பூங்காவையும் மிருகசாலையையும் அவசியம் பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். அங்கே பெயர்ப் பலகை இருக்கும். ஏரியில் பெயர்ப் பலகை கிடையாது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெரியவர் இருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் கையில் ஒரு நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்து, அவரோடு கரைக்கு அனுப்புங்கள். நீங்களும் கூடப் போனால் தவறில்லை. மதகுக்குப் பக்கத்தில் பாருங்கள்; மடையான் நிற்கும்.